நீலம் போன வழி

பழைய வீடுகளில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது கட்டியவருக்கே மறந்துபோயிருக்கும். சுவருக்குள் புகுந்து, தரைக்கடியில் வளைந்து, யாரும் நினைக்காத ஒரு மூலையில் போய்த் தலைகாட்டும். அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் இவர்கள் இருவரையும் கூப்பிடுவார்கள்.

வேலை பார்ப்பதற்கு எளிது. குழாய்க்காரர் மாடிக் குளியலறையில் நின்று சாயம் கலந்த தண்ணீரை ஒரு வாளி ஊற்றுவார். கீழே, கழிவுநீர்க் குழாய்கள் வந்து கூடும் செங்கல் குழியின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் மனைவி குந்தியிருப்பாள். தொழிலில் அந்தக் குழிக்குச் சேம்பர் என்று பெயர். அதன் அடியில் வாய்க்கால் மாதிரி பாதிக் குழாய் ஒன்று பதித்திருக்கும். அதில் சாயம் தெரிந்ததும் “வந்துருச்சு!” என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்த ஒரு குரலில் எந்தக் குழாய் எந்தக் குழிக்கு வருகிறது என்பது தெரிந்துவிடும்.

அந்தக் குரலைக் கொடுக்கத்தான் கண் வேண்டும். கலங்கிய தண்ணீர், சோப்பு நுரை, குழிக்குள் பாதி இருட்டு. அதற்குள் நூலிழை மாதிரி ஒரு பச்சை நெளிந்து வரும். மற்றவர்கள் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே அவள் பார்த்துவிடுவாள். கொத்தனார்கள் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். “கழுகக்கா வந்தாச்சா? அப்ப வீட்டுக்குக் கிளம்புங்கப்பா, வேலை முடிஞ்சுது” என்பார்கள்.

குழாய்க்காரருக்கு அந்த வேலை ஆகாது. பிறவியிலேயே அவருக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். இரண்டுமே ஏதோ ஒரு மண் நிறம். “கல்யாணத்துக்கு நான் என்ன நிறத்துல புடவை கட்டியிருந்தேன்னு கேளுங்க இந்த மனுஷனை” என்று அவள் ஊரெல்லாம் கேலி பேசுவாள். “நல்ல நிறம்தான்” என்பார் அவர். நீலம் மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் தொழிலில் நீலம் உதவாது. துணி சோப்பும் கக்கூஸ் கழுவும் மருந்தும் நீலமாகத்தான் இருக்கின்றன. எது சாயம், எது சோப்பு என்று குழம்பிப்போகும். அதனால் அவர்கள் பையில் பச்சையும் சிவப்பும்தான் இருக்கும். அவர் ஊற்றுவார், அவள் பார்ப்பாள். பதினெட்டு வருடமாக இப்படித்தான்.

அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. “சாயம் வந்த இடத்துக்கு வழி இருக்கு. அதுக்கு மேல பேச்சே இல்ல” என்பது ஒன்று. “வரலைன்னா வழி இல்லைன்னு சொல்லிராத. இன்னும் கொஞ்சம் உக்காரு” என்பது இன்னொன்று.

ஒரு தடவை ஒரு மூன்று மாடி வீடு. அந்த வீட்டில் எல்லோருக்கும் வருடம் முழுக்க வயிற்றுக் கோளாறு. கீழ்வீட்டுக் கக்கூஸில் பச்சையை ஊற்றினார்கள். அவள் சேம்பர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் ஆயிற்று, வரவில்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று, வரவில்லை. கால் மரத்துப்போய் எழுந்தவள், எதற்கென்று தெரியாமல், குடிதண்ணீர் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே பச்சை நூல் ஒன்று தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவளால் குரல் கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த வீட்டுக்கார அம்மாள், பாவம் இவ்வளவு நேரம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாளே என்று, அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்துகொண்டிருந்தாள்.

எத்தனையோ வேலை மறந்துவிட்டது. அந்த டம்ளர் மட்டும் மறக்கவில்லை.

*

குளிக்கும்போது இடது மார்பில் கைக்குத் தட்டுப்பட்டது ஒரு கட்டி. வலி இல்லை. பட்டாணியை விடப் பெரியது, நெல்லிக்காயை விடச் சின்னது. மூன்று வாரம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் தொட்டுப் பார்ப்பாள். இன்றைக்குக் கரைந்திருக்கும் என்று நினைத்துத் தொடுவாள். நான்காவது வாரம் ஒரு வீட்டு வாசலில் கருவிப் பையை இறக்கும்போது, “என்னங்க, இங்க ஒரு கட்டி” என்று, செருப்பு அறுந்துபோனதைச் சொல்வது மாதிரி சொன்னாள். அவர் பையைக் கீழே வைக்கவில்லை. அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான்.

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா நிதானமான பெண். ஒரு தாளை எடுத்து ஒரு மனித உருவம் வரைந்தார்.

“கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டும், பார்த்திருக்கீங்களா?”

“எனக்கே கட்டியிருக்கு” என்றார் குழாய்க்காரர். “ஆணி குத்தினப்ப. ரெண்டு நாள் வாத்து மாதிரி நடந்தேன்.”

“அந்த நெறிதான் நான் சொல்லப்போறது. அது புண்ணு வந்ததும் புதுசா முளைக்கிறது இல்ல. பயறு அளவுல எப்பவும் அங்கயேதான் இருக்கும், வீங்கினாத்தான் நமக்குத் தெரியும். நிணநீர்க் கணுன்னு பேரு. ரத்தக் குழாயில இருந்து கொஞ்சம் நீர் கசிஞ்சு சதைக்குள்ள போகும். அந்தக் கசிவைத் திரட்டி மறுபடி ரத்தத்துல கொண்டுபோய்ச் சேர்க்க, முடி மாதிரி மெல்லிசாக் குழாய் உடம்பு முழுக்க ஓடுது.”

“வடிகால்” என்றார் அவர்.

“வடிகால்தான்.”

குழாய்க்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வாரமாகத் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருந்தவர், இப்போதுதான் தெரிந்த தெருவுக்கு வந்திருந்தார். அவளுக்கு அதைப் பார்த்ததும் பயம் பிடித்தது. அவருக்குப் புரியாதவரை பரவாயில்லை. புரிந்துவிட்டால் அவர் முகத்தில் அவள் படித்துவிடுவாள்.

“நடுவுல சேம்பர் இருக்குமா டாக்டர்?”

“அந்தக் கணுதான் சேம்பர். சல்லடை போட்ட சேம்பர்னு வச்சுக்கங்க. கிருமி, அழுக்கு எல்லாம் அதுல மாட்டும். மார்ல இருந்து வர்ற நீர் பெரும்பாலும் கக்கத்துக் கணுக்களுக்குத்தான் வரும். கட்டியில இருந்து ஒரு செல் பிஞ்சுதுன்னா இந்தக் குழாய்க்குள்ள சுலபமா நுழைஞ்சிரும், இதோட சுவர் அவ்வளவு இளக்கம். நுழைஞ்சு முதல் கணுவுல போய் உக்காரும். நிறைய நேரம் அங்கயே செத்துப்போயிரும். சாகலைன்னா அங்கயே பெருகும். அப்புறம் அடுத்த கணு. அதுக்கு அடுத்தது. கடைசியா இந்தக் காறை எலும்புக்குப் பின்னாடி பெரிய ரத்தக் குழாயில வந்து விழும்.”

“அங்க விழுந்துட்டா?”

டாக்டரம்மா பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். “ரத்தம் போகாத இடம் ஏதுங்க?”

குழாய்க்காரர் படத்தில் கக்கத்திலிருந்து காறை எலும்பு வரை விரலை ஓட்டினார். “தண்ணி மேல ஏறுதே, மோட்டர் எங்க இருக்கு?”

“மோட்டர் கிடையாது. குழாயே லேசா சுருங்கி விரியும். மத்தபடி நீங்க கை காலை அசைக்கும்போது தசை அமுக்கும், மூச்சு விடும்போது நெஞ்சு இழுக்கும். திரும்பி இறங்காம இருக்க உள்ள குட்டிக் குட்டியா வால்வு.”

“ஒரு வழி வால்வு.”

“ஒரு வழிதான்.”

பிறகு அறுவை சிகிச்சை எப்படி நடக்கும் என்று சொன்னார். கட்டியை எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் மார்பில் நீலச் சாயம் ஊசியால் ஏற்றுவார்கள். அது அந்த மெல்லிய குழாய்கள் வழியாகக் கக்கத்துக்குப் போகும். எந்தக் கணு முதலில் நீலமாகிறதோ அதுதான் காவல் கணு. அதை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். காவல் கணுவில் புற்று இல்லையென்றால் பின்னால் இருப்பவற்றிலும் பெரும்பாலும் இருக்காது.

சாயம் என்றதும் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாங்களும் அதேதான் செய்யறோம் டாக்டர்” என்றாள் அவள். அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

*

டாக்டரம்மா சொன்ன அத்தனையிலும் அவளுக்குள் தங்கியது ஒன்றே ஒன்று. கையை அசைத்தால் ஓடும். வால்வு ஒரு வழி. போனது திரும்பாது.

கைப் பம்பு அடிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாய் தண்ணீர். அறுவை சிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இடது கையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு அடி, ஒரு வாய் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வாயில் ஒரு செல் இருந்தால்? ஒன்று போதுமே.

அவள் இடது கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவினாள், ஒற்றைக் கையால் துணி பிழிந்தாள், அது பாதி பிழிந்தும் பிழியாமலும் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. தலை சீவுவதற்கு மட்டும் வழி தெரியவில்லை. அவிழ்த்துவிட்டபடியே கிடந்தது. மூச்சைக்கூட மேலாக விட்டாள். பெருமூச்சு வந்தால் பாதியில் பிடித்து நிறுத்தினாள்.

ஒரு காலையில் குழாய்க்காரர் சீப்போடு வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். ஒன்றும் கேட்காமல் சீவிவிட்டார். பின்னத் தெரியாமல் மூன்று கால்களையும் கயிறு திரிப்பது மாதிரி முறுக்கிவிட்டார். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது: அவரும் அதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவள் கை வைக்கும் முன் அவர் வாளியைத் தூக்கினார். மேல் அலமாரியிலிருந்த டப்பாக்களை எல்லாம் அவளுக்குத் தெரியாமல் கீழே இறக்கிவைத்திருந்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் உண்மையாகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

வீட்டு வேலைக்கு உதவியாக அவருடைய தங்கை வந்து இறங்கினாள். வாய் ஓயாதவள். “என்ன அண்ணி, கையைக் கக்கத்துல அடைகாக்கறீங்க? குஞ்சு எப்ப பொரியும்?” என்று வந்த அன்றே கேட்டாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு குலுங்குமே என்று அடக்கிக்கொண்டாள்.

*

காலையில் அறுவை சிகிச்சை, ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டியும் நீலமாகியிருந்த மூன்று கணுக்களும் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன, பத்து நாளில் முடிவு வரும் என்று சொன்னார்கள். கிளம்புகிற நேரத்தில் நர்ஸ் நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதேதோ சொன்னாள். கட்டு நனையக்கூடாது, இந்த மாத்திரை காலையில், இது ராத்திரி. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்த அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் கக்கூஸுக்குத்தான் போனாள். எழுந்து, பழக்கத்தில், கீழே பார்த்தாள்.

பச்சை. இல்லை, நீலப் பச்சை. பீங்கானின் வெள்ளையில் அது எவ்வளவு தெளிவாக இருந்ததென்றால், அதைப் பார்க்கக் கழுகுக் கண்ணே தேவையில்லை.

முதலில் மருந்து ஊற்றிக் கழுவியிருப்பார்களோ என்று மூலையில் இருந்த புட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மூடியில் ஒட்டடை. யாரும் தொடவில்லை.

சாயத்தை ஏற்றியது மார்பில். போய்ச் சேர வேண்டிய இடம் கக்கம். அங்கே காவல் கணு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் தாளில் வரைந்து காட்டினார்கள். இங்கே, உடம்பின் கடைசிக் குழாயில், அது எப்படி வந்தது? முதல் கணுவைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, காறை எலும்பின் பின்னால் ரத்தத்தில் விழுந்து, உடம்பு முழுக்கச் சுற்றி அல்லவா வந்திருக்கிறது.

சாயம் வந்த இடத்துக்கு வழி இருக்கிறது. அதற்கு மேல் பேச்சே இல்லை.

அவள் ஃப்ளஷை அழுத்தினாள். தொட்டி நிறையும் வரை நின்று இன்னொரு தடவை அழுத்தினாள். மூன்றாவது தடவையும் அழுத்திவிட்டு, பீங்கானைக் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். “என்ன அண்ணி, வெளுத்துப்போயிருக்கீங்க?” என்றாள், அண்ணனோடு கூடத்தில் நின்றிருந்த நாத்தனார். “மயக்க மருந்து” என்றாள் அவள்.

தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இரண்டு சொம்பு, மூன்று சொம்பு. ஒரு மணி நேரம் கழித்துப் போனாள். நீலம். சாயங்காலம் போனாள். நீலம். ஒவ்வொரு தடவையும் மூன்று ஃப்ளஷ். அவர் முகத்தைப் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் இல்லை. நீலம் அவருக்குத் தெரியும், அதனால்தான் மூன்று. அவர் உள்ளே போனாலும் பீங்கான் வெள்ளையாகத்தான் இருக்கும். பதினெட்டு வருடமாக அவர் கண்ணுக்குப் பதில் அவள் கண். தான் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியே இல்லை. பத்து நாள் அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

அந்த மூன்று மாடி வீட்டு அம்மாள் டம்ளரோடு நடந்து வந்தது அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. தொட்டியில் பச்சை தெரிந்த அன்றைக்கா அந்தத் தண்ணீர் கெட்டது? வருடக்கணக்காகக் கலந்துகொண்டிருந்தது. சாயம் அன்றைக்குத்தான் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டில் தண்ணீர் நின்றுபோயிற்று.

“மேல்தொட்டி காலி அண்ணே!” என்று கத்தினாள் நாத்தனார். “குழாயில காத்துதான் வருது. நேத்து நிரப்பினது எங்க போச்சு? குழாய்க்காரர் வீட்டுலயே ஒழுகுது, வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

அவள் அப்போது கக்கூஸில் இருந்தாள். ஃப்ளஷை அழுத்தினாள், கடக்கென்று ஒரு சத்தம், தண்ணீர் இல்லை. குவளையில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை ஊற்றினாள். நீலம் ஒரே கோடாக இறங்கிப் போயிற்று.

பின்பக்கத்தில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பதினெட்டு வருடமாகக் கேட்ட சத்தம். சேம்பர் மூடியைத் திறக்கிறார். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க முதலில் அவர் அதைத்தான் திறப்பார்.

அவள் ஓடினாள். ஓடக்கூடாது, கையை ஆட்டக்கூடாது என்பதெல்லாம் மறந்து ஓடினாள்.

அவர் குழியின் விளிம்பில் குந்தியிருந்தார். அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், அவள் உட்காரும் விதத்தில். குழியின் வெள்ளை வாய்க்காலில், அதிகம் தண்ணீர் கலக்காமல், ஒரு நீலக் கோடு மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

“யாரு சாயம் ஊத்தினது?” என்று திரும்பாமலே கேட்டார்.

“நம்மகிட்ட நீலமே கிடையாதே.” அவர் குரல் தேய்ந்துவிட்டது. “எனக்கே தெரியுது பாரு. நீலம்தானே இது?”

எத்தனை வீட்டில், எத்தனை குழியில், எவ்வளவு உரக்கக் கூவியிருப்பாள். அந்த வார்த்தை இப்போது காற்றாக வெளியே வந்தது.

“வந்துருச்சுங்க.”

அவர் மூடியைப் பிடித்தபடியே இருந்தார்.

“எப்பயிலருந்து?”

“நேத்து வந்ததிலருந்து.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா சட்டத்தைச் சொல்லுவீங்க.”

அவர் சட்டத்தைச் சொல்லவில்லை. எழுந்து வந்து, கட்டுப் போட்ட பக்கத்தை விட்டு, அவள் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

“என்ன, ரெண்டு பேரும் குழிக்குள்ள எதைப் போட்டுட்டீங்க?” என்று கேட்டபடி நாத்தனார் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் நாக்கைக் கடித்தாள். “ஐயய்யோ. அந்த நர்ஸம்மா சொல்லிச்சு அண்ணி. ரெண்டு நாளைக்கு நீலமா போகும், பயப்படாதீங்கன்னு.”

“எது நீலமா போகும்?” என்றார் குழாய்க்காரர்.

“போங்கண்ணே. அதை எப்படி உங்க முன்னாடி சொல்றது? தனியா இருக்கறப்ப அண்ணிகிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க எங்க அவங்களைத் தனியா விட்டீங்க?”

அண்ணன் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாய் ஓயாத வாய். பேச வேண்டிய ஒன்றை மட்டும் வெட்கப்பட்டு விழுங்கியிருக்கிறது. திட்டுவதற்குக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. “கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு” என்றார்.

*

டாக்டரம்மா அவர்கள் சொன்னதை முழுதும் கேட்டார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

“தப்பு என்னோடதுதான்” என்றார். “உங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும். சாயம் தண்ணியில கரையும். கணு ஒரு சல்லடை. சல்லடையில மண்ணு தங்கும், தண்ணி தங்குமா? கொஞ்சம் சாயம் கணுவுல நிக்கும், மிச்சம் ரத்தத்துல கலந்து, சிறுநீரகம் அதை வடிச்சு வெளிய தள்ளும். எல்லாருக்கும் அப்படித்தான்.”

“அப்ப பரவலையா?” என்றாள் அவள்.

“அதை நான் சொல்லல. சாயம் வழியை மட்டும்தான் காட்டும். அந்த வழியில செல் போயிருக்கா இல்லையான்னு சாயத்துக்குத் தெரியாது.”

குழாய்க்காரர் முகம் தொங்கிப்போயிற்று. அவர் வாழ்க்கையில் நம்பிய ஒரு பொருள் அது. “சாயத்துக்கே தெரியலைன்னா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கட்டைப் பார்க்க வந்த நர்ஸ், “கையைத் தூக்குங்கம்மா” என்றாள். அவள் தூக்கவில்லை. “வலிக்குதா?”

“இல்ல சிஸ்டர். அசைச்சா ஓடும்னு டாக்டர் சொன்னாங்க.”

நர்ஸுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. “அடக் கடவுளே. எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு வாரம் இருக்கும்.”

“நீங்க தூங்கறப்பவும் அது ஓடிக்கிட்டுதான் இருக்கும்மா. மூச்சை நிறுத்திருவீங்களா? கையைக் கட்டிவச்சா புற்றுநோய் நிக்காது. தோள் இறுகிப்போறதுதான் மிச்சம், அப்புறம் தலை சீவக்கூட ஆள் வேணும்.”

“ஆள் இருக்கு” என்றாள் அவள். குழாய்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்றிப் பழகச் சொன்னார்கள். வீட்டில் அவர் பென்சிலோடு நின்று, அவள் விரல் எட்டிய இடத்தில் கோடு போட்டார். முதல் நாள் கோடு அவள் தோளைத் தாண்டவில்லை. இரண்டு நாளில் நீலம் நின்றுவிட்டது. மார்புத் தோலில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறை இருந்தது. கோடு ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை ஏறியது. அவளுக்கு ஒவ்வொரு விரற்கடையும் பம்பின் ஒரு அடியாகத்தான் இருந்தது. அது தப்பு என்று தெரிந்தும் இருந்தது. தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? பகலில் நர்ஸ் சொன்னதை நம்பினாள். குளிக்கப் போய்க் கறையைப் பார்த்தால் நம்பிக்கை ஈரத்தோடு கரைந்துவிடும்.

பத்தாவது நாள் முடிவு வந்தது. டாக்டரம்மா தாளைப் பிரித்த விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கலங்கிய தண்ணீரில் இழையைப் பார்க்கும் கண்ணுக்கு ஒரு முகம் எவ்வளவு நேரம் மறைக்கும்?

“முதல் கணுவுல இருக்கு” என்றார் டாக்டரம்மா. “மூணு மில்லிமீட்டர். கடுகு ஒண்ணரை சேர்ந்தா எவ்வளவு, அவ்வளவு.”

குழாய்க்காரர் இரண்டு விரலைச் சேர்த்து அந்த அளவைப் பிடித்துப் பார்த்தார். அவள்தான் கேட்டாள். “அடுத்ததுல?”

“ரெண்டாவதுல இல்ல. மூணாவதுலயும் இல்ல.”

“பார்த்தது அந்த மூணுதானே?”

“மூணுதான்.”

“நாலாவது?”

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் மூச்சு விட்டு அழுவார்கள், நாலாவதைக் கேட்கமாட்டார்கள். “வரிசையா ரெண்டு சுத்தமா இருந்தா, அதுக்கு அப்பால போயிருக்க வாய்ப்பு குறைவு. மறுபடி அங்க கத்தி வைக்க வேண்டியதில்ல. ஆனா குறைவுன்னுதான் சொல்வேன், இல்லைன்னு சொல்லமாட்டேன். அந்தக் குறைவான வாய்ப்புக்காகத்தான் மருந்து ஏத்தப்போறோம். அப்புறம் மாருக்கும் கக்கத்துக்கும் கதிர்வீச்சு.”

“அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் பார்த்துட்டு இருக்கணும்?”

நேரம் என்றுதான் அவள் கேட்டாள். அவர்கள் தொழிலில் நேரம்தான் கேட்பார்கள்.

“அஞ்சு வருஷம் அடிக்கடி பார்ப்போம். அதுக்கு அப்புறமும் வருஷத்துக்கு ஒரு தடவை.”

திரும்பி வரும்போது, தெரு முனையில் அவர், “ரெண்டு சேம்பர் சுத்தம்” என்றார், தனக்குத்தானே. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “ரெண்டு சுத்தம்டி” என்றார் மறுபடி. “இன்னும் கொஞ்சம் உக்காரு” என்கிற அவருடைய இரண்டாவது சட்டம் அவளுக்கு அவரை விட நன்றாகத் தெரியும்.

மருந்து ஏற்றுவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒரு பழைய வீட்டில் மாடிக் குளியலறைத் தண்ணீர் எங்கோ சுவருக்குள் போகிறது என்று கூப்பிட்டார்கள். “வேற ஆளைப் பாக்கச் சொல்றேன்” என்றார் அவர். “வேற ஆளோட கண்ணு யாருது?” என்று கேட்டுவிட்டு அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

குந்த வேண்டாம் என்று அவர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து சேம்பர் பக்கத்தில் போட்டார். மூடியையும் அவரே திறந்தார். மாடிக்குப் போனார். மேலே வாளி கவிழும் சத்தம் கேட்டது.

குழிக்குள் தண்ணீர் கலங்கலாக வந்தது. நுரை வந்தது. யாரோ வாய் கொப்பளித்த பற்பசை வெள்ளையாக வந்து போயிற்று. அவள் இடது கையை மடியிலிருந்து எடுத்து முக்காலியின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். கக்கத்தில் தையல் போட்ட இடம் சுருக்கென்றது. அதற்குள்ளே என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே எட்டிப் பார்க்க மூடி இல்லை.

“வந்துச்சா?” என்று மேலேயிருந்து அவர் கத்தினார்.

“இல்லை.”

“நல்லாப் பாரு!”

“பார்த்துட்டுத்தான் இருக்கேன். இன்னொரு வாளி ஊத்துங்க.”